பெட்டியின் பிறப்பிடம்

ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் கித்தாருக்கான ஒலிபெருக்கிப் பெட்டியொன்று விலைபேசப்பட்டபோது நானும் உடனிருந்தேன். இரண்டரை அடி உயரம்; கறுப்பு றெக்சின் உறை; முகப்பில் ஆங்கில நாட்டுக் கம்பெனியொன்றின் பெயர் வெள்ளை எழுத்துகளில் பொறித்த தகடு. ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்த சிறிய இசைக்குழுவொன்றின் சொத்து அது. வீட்டுக்காரர் அக்குழுவில் கித்தார் வாசித்தவர். வாங்க வந்த வியாபாரி பெட்டியைத் திருப்பிப் பின்பலகையைப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார். “இது ஒறிஜினல் இல்லை ஐயா, உள்ளூர் வேலை. உள்ளே கிடக்கிற ஸ்பீக்கருக்குக் காசு தரலாம். பெட்டிக்கு ஒன்றும் தர ஏலாது” என்றார். “இத்தனை வருஷம் பாடின பெட்டி, தம்பி” என்றார் வீட்டுக்காரர். வியாபாரி சிரித்தார். அவர்மீது குறைசொல்ல ஒன்றுமில்லை. சந்தை அவருக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு அது.

பெட்டிக்கு ஒன்றும் தர ஏலாது என்ற அந்த வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரு பண்டம் எங்கே பிறந்தது என்று கண்டறிவது ஒரு கலை. அதனை முதலில் சொல்லிவிடலாம். ஆனால் பிறந்த இடத்தைக் கொண்டு அதனை ஆக்கிய உழைப்புக்கு மதிப்பிடுவது வேறொரு காரியம். அதற்கு வரலாறு உண்டு.

ஈச்சிலம்பற்றை அறியாத வாசகருக்காகச் சில வரிகள். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மூதூருக்கும் வாகரைக்கும் நடுவே, வெருகலாற்றை ஒட்டியுள்ள வயலும் காடும் கடலும் சேர்ந்த பகுதி இது. வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் இப்பகுதியின் பெரிய கோயில். வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலை மலைகளில் பிறக்கும் நீரே இங்கு வந்து கடலில் கலக்கிறது. போருக்குப் பிறகு பாலங்கள் அமையும்வரை, இவ்வழியே செல்வோர் ஓடம் ஏறாமல் சென்றதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006ஆம் ஆண்டில் மக்கள் அனைவரும் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்கும் ஓடநேர்ந்த இடப்பெயர்வும் இவ்வூர் வீடுகளில் பழைய பொருள் எதையும் அதிகம் விட்டுவைக்கவில்லை. நான் சொன்ன பெட்டி அப்போது திருகோணமலை நகரில் உறவினர் வீடொன்றில் கிடந்தமையால் தப்பியது.

இனிப் பெட்டியை எவ்வாறு இனங்காண்பது என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்கப் பெட்டியும் ஆங்கிலப் பெட்டியும் முதலில் முதுகால் வேறுபடும். கலிபோர்னியாவில் புல்லர்டன் என்னும் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ பெண்டர் செய்த பெட்டிகளுக்குப் பெரும்பாலும் முதுகு திறந்திருக்கும். பக்கங்கள் கெட்டியான பைன் பலகை. மூலைகள் இரு கைவிரல்களைக் கோத்தாற்போல் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. அந்நாட்டில் பைன் மரம் மலிவு. ஆங்கிலப் பெட்டியோ, குறிப்பாக மார்ஷல் என்பவரின் பட்டறையில் தோன்றிய வகை, முதுகு மூடியது; பலகை பிர்ச் மரத்தின் மென்தகடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகை. திறந்த முதுகுடைய பெட்டி ஒலியை அறை முழுதும் பரப்பும். மூடியது ஒலியை முன்னே தள்ளும், தாழ்ந்த சுரத்தில் நெஞ்சில் இடிக்கும். பிற்காலத்து மலிவுப் பெட்டிகளில், எந்நாட்டினதாயினும், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையே பின்புறம் இருக்கும். நம் கடற்கரை ஈரத்தில் அது இரண்டு மாரிக்குமேல் தாங்காது. ஓரங்கள் பொங்கிச் சோற்றுப் பருக்கைபோல் உதிரும்.

அடுத்தது திருகாணி. ஸ்பீக்கரை முகப்புப் பலகையோடு பிணைக்கும் திருகாணியைக் கழற்றி அதன் புரியைப் பார்க்க வேண்டும். 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த ஆங்கிலப் புரியின் கோணம் 55 பாகை. 1864இல் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்த அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை. ஒன்றின் ஆணி மற்றதன் சுரையில் இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாட்டுப் பெட்டிகளில் மில்லிமீற்றர் அளவுப் புரியைக் காணலாம். பெயர்த்தகட்டை மாற்றுபவன் திருகாணியை மாற்றுவதற்குச் சோம்பற்படுவான். எனவே கைதேர்ந்தவர்கள் தகட்டைப் பார்ப்பதில்லை, திருகாணியையே பார்க்கிறார்கள்.

ஸ்பீக்கரின் முதுகிலும் எழுத்துண்டு. பழைய ஆங்கில ஸ்பீக்கர்களில் மின்தடை 15 ஓம் என்று அச்சிட்டிருக்கும். பின்னர் அது 16 ஆயிற்று. அமெரிக்க ஸ்பீக்கர்களில் எண் வரிசையொன்று அடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் தொழிற்சாலை: 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஒக்ஸ்போர்ட், இரண்டும் சிக்காகோ நகரத்தவை. அடுத்து ஆண்டு, இறுதியில் அவ்வாண்டின் எத்தனையாவது வாரம். பழைய வரிசைகளில் ஆண்டுக்கு ஒரே இலக்கந்தான்; 6 என்று கண்டால் 1956ஆ 1966ஆ என்பதை வேறு தடயங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். கல்வெட்டில் ஆட்சியாண்டை மட்டும் கண்டு அரசன் யாரென்று தேடும் ஆராய்ச்சியாளனின் பாடு இங்கும் உண்டு.

இத்தனையும் அறிந்தவர் பெட்டியொன்றின் நாட்டைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார். ஆனால் அவ்விடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மார்ஷல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒலி ஆங்கில நாட்டின் ஒலி என்று உலகெங்கும் போற்றப்படுகிறது. ஜிம் மார்ஷல் மேளம் வாசிப்பவர்; மேளம் கற்பித்தவர்; 1960இல் மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னுமிடத்தில் வாத்தியக் கடை திறந்தார். அக்காலத்தில் டாலர் தட்டுப்பாட்டால் அமெரிக்க வாத்தியங்கள் பிரிட்டனுக்குள் வருவது பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 1959இல் அத்தடை தளர்ந்த பின்னும் அவற்றின் விலை சாதாரண இளைஞனின் கைக்கு எட்டவில்லை. ஆகவே பெண்டரின் ‘பாஸ்மன்’ என்னும் கருவியை மாதிரியாக வைத்து, உள்ளூரில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு, 1962இல் மார்ஷல் கடையார் தமது முதற்கருவியைச் செய்தனர். அமெரிக்க மாதிரியில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு, முதுகு திறந்திருந்தது. இவர்கள் செலெஸ்ரியன் கம்பெனியின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் நான்கினை மூடிய பெட்டியில் வைத்தனர். உலகம் மூலமென்று இன்று வணங்கும் பெட்டி, பிறக்கும்போது ஒரு பிரதி! இறக்குமதித் தடையும் கைமுடையும் சேர்ந்து உள்ளூர்க் கைவினைஞர்மீது சுமத்திய வேலை அது. ஆங்கிலத் தச்சன் செய்தால் அதற்குப் புத்தாக்கம் என்று பெயர். நம் தச்சன் செய்தால் ‘டூப்ளிக்கேட்’ என்று பெயர்.

இன்னும் சற்று முன்னே செல்லலாம். அந்த ஆங்கில இளைஞர்களுக்குக் கித்தார் மோகம் எப்படிப் பிடித்தது? 1950களின் நடுவில் லொன்னி டொனெகன் என்பவரின் பாட்டுகளால் ‘ஸ்கிபில்’ என்னும் எளிய இசை அந்நாட்டுத் தொழிலாளர் தெருக்களில் பரவியது. மலிவான கித்தார் ஒன்று, துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று, தாழ்ந்த சுரத்துக்கு வெறும் தேயிலைப் பெட்டி ஒன்று, இவை போதும். பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு தடியை ஊன்றி, தடிக்கும் பெட்டிக்கும் இடையில் கயிறு கட்டி இழுத்து மீட்டினார்கள். லிவர்பூலில் 1956இல் ஜோன் லெனன் தொடங்கிய சிறுவர் குழுவிலும் தேயிலைப் பெட்டியே தாழிசைக் கருவி. அக்குழுவே பின்னர் பீட்டில்ஸ் என உலகப் புகழ் பெற்றது.

தேயிலைப் பெட்டி எங்கிருந்து போயிற்று என்பதை நாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இலங்கை மலைநாட்டிலிருந்தும் இந்தியத் தோட்டங்களிலிருந்தும் கப்பலேறிய பெட்டிகள் அவை. கொழுந்து பறித்தும் அரைத்தும் நிறைத்தும் அனுப்பிய தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எவ்வூரையும் தம் பிறப்பிடமென்று சட்டத்தின்முன் நிறுவ இயலாதவர்களாய் அவர்கள் நின்ற அதே ஆண்டுகளில், அவர்கள் நிறைத்தனுப்பிய பெட்டியின் பக்கத்தில் ‘சிலோன்’ என்று கொட்டை எழுத்தில் பிறப்பிடம் அச்சிடப்பட்டிருந்தது. பண்டத்துக்கு நாடுண்டு, அதனை ஆக்கியவனுக்கு இல்லை.

ஆனால் அப்பெட்டியின் பலகையும் இலங்கைப் பலகையன்று. தேயிலைப் பெட்டிக்கான ஒட்டுப்பலகை நெடுங்காலம் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்தது. அவ்வணிகத்தில் பெயர்பெற்ற ‘வெனெஸ்டா’ என்னும் பெயரே ஒட்டுத்தகட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் எஸ்தோனியா நாட்டின் பெயரையும் சேர்த்து ஆக்கியதென்பர். தாலின் நகரத்து லூதர் தொழிற்சாலையின் பலகை அது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வழிகள் அடைபட்டபோதுதான் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது, அதுவும் தேயிலைப் பெட்டிக்காக. எனவே பால்டிக் பிர்ச் பலகையை இலங்கைத் தொழிலாளி, கித்தார் பெட்டியின் ஆங்கிலத் தச்சன் தொடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கையால் அறிந்திருந்தான். அறியாதவன்போல் அவனை நடத்துவது நம் காலத்து வழக்கம்.

பெட்டிக்குள் இருப்பது மட்டும் ஒரு நாட்டுக்குரியதா? ஒலிபெருக்கியின் வரலாற்றில் முதல்வர்களில் ஒருவரான பீட்டர் ஜென்சன் டென்மார்க்கில் பிறந்து கலிபோர்னியாவில் 1915இல் தம் கருவியை இயக்கிக் காட்டியவர். அவர் பெயர் தாங்கிய கித்தார் ஸ்பீக்கர்கள் இன்று இத்தாலியில் செய்யப்படுகின்றன. பழைய ஆங்கில ஸ்பீக்கர்களின் கீர்த்திக்குக் காரணமென்று சொல்லப்படும் ‘அல்னிகோ’ காந்தத்தின் வித்து, 1931இல் ஜப்பானிய உலோகவியலாளர் மிஷிமா தொகுஷிச்சி கண்ட இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவையில் உள்ளது. அதனோடு கோபால்ட் சேர்ந்தபோதே அதன் வலிமை முழுமை பெற்றது. கோபால்டின் பெரும் சுரங்கம் கொங்கோ நாட்டின் கட்டாங்கா மாகாணம். அங்கு பெல்ஜிய முதலாளிகளின் ‘யூனியன் மினியேர்’ கம்பெனி கோலோச்சியது. 1960இல் விடுதலை பெற்ற கொங்கோவின் முதற்பிரதமர் லுமும்பா 1961 ஜனவரி 17ஆம் நாள் கட்டாங்கா மண்ணிலேயே கொல்லப்பட்டார். அம்மாகாணத்தைப் பிரித்தெடுக்க நடந்த சதியின் மூலகாரணம் இக்கனிகளே என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. 1960களின் நடுவிலிருந்து விலை மலிந்த பெரைட் காந்தம் அல்னிகோவின் இடத்தைப் பிடிக்கலாயிற்று. 1978இல் அதே மாகாணத்தில் மூண்ட சண்டையால் கோபால்ட் விலை விண்ணை எட்டியபோது, எஞ்சியிருந்தவர்களும் அல்னிகோவைக் கைவிட்டனர். இசைவாணர்கள் ‘காந்தம் மாறியபின் ஒலி மாறிற்று’ என்று வருந்துகிறார்கள். மாறியது உண்மை. ஏன் மாறியது என்று அவர்கள் கேட்பது அரிது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலை அள்ளுவதற்கு 1957இல் அரசுக் கூட்டுத்தாபனம் அமைந்தது. இல்மனைட் மணல் கப்பல்களில் ஏறிப் பிறநாடுகளுக்குப் போகிறது. அங்கே வெள்ளை நிறமியாகி, பூச்சும் பிளாஸ்டிக்குமாக உருமாறுகிறது. அப்படி உருமாறிய பண்டங்கள் நம் துறைமுக வழியே திரும்பி வரும்போது அவற்றில் திருகோணமலையின் பெயரைத் தேடினால் கிடைக்குமா? பெயர்த்தகட்டின் வெள்ளை எழுத்துக்கு எந்தக் கரையின் மணல் பயன்பட்டதென்று யார் சொல்ல முடியும்?

பொருளில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் இயல்பாக வந்ததன்று. 1876இல் பிலடெல்பியாப் பொருட்காட்சிக்குச் சென்ற ஜெர்மானியப் பேராசிரியர் ரோய்லோ, தம் நாட்டுப் பண்டங்கள் மலிவும் மட்டமும் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆங்கில முதலாளிகள் தம் சந்தையில் ஜெர்மன் சாமான் நுழைவதைக் கண்டு வெருண்டு, 1887இல் வணிகக் குறிச் சட்டத்தை இயற்றுவித்தனர். பிற நாட்டுப் பண்டம் ஆங்கிலப் பெயரோடு வருமாயின் பிறந்த நாட்டைச் சொல்லியாக வேண்டும். ‘ஜெர்மனியில் செய்தது’ என்பது அவமானச் சூடாகக் கருதப்பட்டது. சில பத்தாண்டுகளில் அதே சூடு நற்சான்றாயிற்று! போருக்குப்பின் ஜப்பானியப் பண்டங்களில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று 1947 முதல் 1952 வரை பொறிக்கச் செய்தனர். ‘ஜப்பான் சாமான்’ என்றால் தொட்டால் உடைவது என்று ஒரு தலைமுறை சிரித்தது. அடுத்த தலைமுறை ஜப்பான் என்றால்தான் வாங்குவேன் என்றது. இன்று அவ்விகழ்ச்சி சீனத் தொழிலாளியின் தலையில். செலெஸ்ரியன் கம்பெனி 1992இல் ஹொங்கொங்கின் கோல்ட் பீக் குழுமத்தின் கைக்குப் போனது. ஒரு பகுதி ஸ்பீக்கர்களே இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் செய்யப்படுகின்றன, பெரும்பகுதி சீனாவில். மார்ஷல் கம்பெனியையே 2023இல் ஸ்வீடன் நாட்டு நிறுவனமொன்று வாங்கிற்று. ஆயினும் தகட்டின் எழுத்தில் ஒரு வளைவும் மாறவில்லை. தகடு முதலாளியின் சொத்து. தொழிலாளி நாடு விட்டு நாடு மாற்றப்படலாம்.

சீனப் பெட்டிக்கும் ஆங்கிலப் பெட்டிக்கும் வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேறுபாடு உண்டு, பலகை, பசை, காந்தத்தின் எடை, கடதாசிக் கூம்பின் தடிப்பு ஆகியவற்றில் உண்டு. அவ்வேறுபாடுகள் இன்ன விலைக்கு இன்னதைச் செய் என்று முதலாளி இட்ட கட்டளையில் பிறக்கின்றன. செய்தவனின் இனத்தில் பிறப்பதில்லை. காதை நம்புகிறேன் என்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இனி நம் நாட்டுக் கதை. 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவராயிருந்த நித்தி கனகரத்தினம் கித்தாரோடு தமிழில் பாடத் தொடங்கினார். தமிழ்ப் ‘பொப்’ இசை கிழக்கு மண்ணிலிருந்து எழுந்தது. ஏ. ஈ. மனோகரன் அதனைத் தமிழகம் வரை கொண்டுசென்றார். கர்நாடக இசையின் காவலர்கள் முகஞ்சுளித்தனர். ஆனால் பேச்சுத் தமிழும், ஊரின் கேலியும், கள்ளுக்கடையும் பாட்டில் புகுந்ததை இளைஞர்கள் வரவேற்றனர். இதே காலத்தில்தான் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதி நெருக்கப்பட்டது; 1970 முதல் 1977 வரை அது மிகக் கடுமையாயிற்று. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட வட கிழக்கு விவசாயி அக்காலத்தில் தலைநிமிர்ந்தான். பாடவந்த இளைஞனுக்கோ சீமைப் பெட்டி கிட்டாது. என்ன செய்தான்? பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புகளையும் படமாளிகை கழித்துப்போட்ட ஸ்பீக்கரையும் தேடினான், ஓடாவியாரிடம் போனான். தச்சர்களை எங்கள் பக்கத்தில் ஓடாவியார் என்போம். மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் இத்தொழிலில் உண்டு. தோணியின் வளைவையும் கதவின் சட்டத்தையும் கண்ட கை ஒலிப்பெட்டியையும் செய்தது. ஹான்வெல் கடையில் நடந்ததும் இதுவே. சரக்கு வராத சந்தையும் பணமில்லாத இளைஞனும் கைதேர்ந்த தச்சனும் கூடிய இடம். அங்கே அதற்குப் பின்னால் ஒரு கம்பெனி எழுந்தது. இங்கே 1977 நவம்பரில் திறந்த பொருளாதாரம் வந்தது. கொழும்புக் கடைவீதிகளில் வெளிநாட்டுப் பெட்டிகள் குவிந்தன. ஓடாவியார் கதவுக்கும் கட்டிலுக்கும் திரும்பினார். அதன்பின் வந்த போர்க்காலத் தடைகளில், மின்கலமே கிட்டாத ஊர்களில், ஒலிப்பெட்டியைப் பற்றிப் பேச யாருக்கு வாய்த்தது?

கைத்தொழிலைக் காக்க இறக்குமதியைத் தடுத்தாலே போதும் என்று நம்பியவர்கள் நம் இடதுசாரிகளிலும் உண்டு. தடை ஓடாவியாருக்கு வேலை தந்தது, உண்மை. ஆயின் அவருக்குப் பலகை தரவில்லை, கடன் தரவில்லை, அவர் செய்த பெட்டிக்கு அவர் பெயரை எழுதும் துணிவையும் தரவில்லை. ஆகவே அவரோ, அவரிடம் செய்வித்தவரோ, ஆங்கிலப் பெயர்த்தகடொன்றைத் தேடிப் பதித்தனர். தகடு இல்லாவிட்டால் கோயில் நிருவாகத்தார் இசைக்குழுவைக் குறைத்து மதிப்பார்கள் என்று வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். மூதூரில் ஒரு கடையில் தகட்டை மட்டும் தனியே வாங்கினார்களாம். பெட்டி செய்த கூலியில் கிட்டத்தட்டக் கால்பங்கு அதற்குப் போயிற்றாம்.

வியாபாரி போனபின் நாங்கள் பின்பலகையைக் கழற்றினோம். பக்கப் பலகைகள் வேம்பு. முகப்புப் பலகை ஒட்டுப்பலகை. அதன் உட்புறத்தில், தேய்ந்துபோன மையில், தேயிலைப் பெட்டிகளில் காணும் எழுத்துகளின் பாதி. ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றின் முதுகில் 15 ஓம் என்றிருந்தது. மற்றது பின்னாளில் மாற்றியது, ஜப்பானியது. மூலைகள் விரல்கோத்த பொருத்து. ஓரிடத்திலும் இடைவெளி இல்லை. வேம்பாதலால் கறையான் அண்டவில்லை. மேற்பலகையின் அடியில் பென்சிலால் அளவுகள் எழுதியிருந்தன, அடியும் அங்குலமும், ஒரு கூட்டல் கணக்கும். பெயர் எதுவும் இல்லை. செய்தவர் யாரென்று கேட்டேன். கிண்ணியாப் பக்கத்து ஓடாவியார் ஒருவர் என்றும், மூன்று நாள் தம் வீட்டிலேயே தங்கி இருந்து செய்தாரென்றும், இடையில் ஒருநாள் தம் கித்தாரை வாங்கித் தட்டிப் பார்த்து, பெட்டியின் ஆழத்தை இரண்டு அங்குலம் கூட்டினாரென்றும் வீட்டுக்காரர் சொன்னார். மூடிய முதுகுக்கு அந்த ஆழம் வேண்டுமென்று அவருக்கு எந்தப் புத்தகமும் சொல்லியிருக்க முடியாது.

பெட்டி அன்று விற்கப்படவில்லை. பின்பலகையைத் திரும்பப் பொருத்தினோம். எட்டுத் திருகாணியில் ஏழு பிடித்தன. எட்டாவது இடையில் எப்போதோ மாற்றப்பட்டது; புரி வேறு. வீட்டுக்காரர் சாரத்தின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து, அதில் சுற்றி, இறுக்கினார்.